ஹலோவும் ஓகேவும்

தொலைபேசிப் பேச்சை ஹலோ தொடங்கிவைக்கிறது, ஓகே முடித்துவைக்கிறது. இரண்டும் புகழ்பெற்றது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில். பிறப்பிலோ ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஹலோ, வேட்டை நாய்களை ஏவவும் எட்ட நிற்பவரைக் கூப்பிடவும் எழுந்த கூச்சலின் வழிவந்தது. ஓகே, பத்திரிகை அலுவலகத்துக் குறும்பு. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே பிழையாக எழுதினால், ஏ, சி என்று தொடங்க வேண்டிய சொற்கள் ஓ, கே என்று தொடங்கும். அந்த இரண்டு எழுத்துகளை 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் அச்சிட்டது. ஒன்று தொண்டையில் பிறந்தது, மற்றது அச்சில்.

ஓகேயைக் காப்பாற்றியது தேர்தல். அக்காலத்தின் இத்தகைய சுருக்கங்கள் பல வழக்கொழிந்தன. 1840இல் அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் ஆதரவாளர்கள், அவருடைய சொந்த ஊரை வைத்து வழங்கிய 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்ற பட்டப்பெயரைச் சுருக்கி ஓ.கே. மன்றங்கள் கண்டனர். அவர் தோற்றார், ஓகே நிலைத்தது.

ஹலோவைக் கரைசேர்த்தது கருவி. எதிர்முனையில் இருப்பவரை அழைக்க மணி வேண்டாம், 'ஹலோ' என்றாலே 10 முதல் 20 அடி தூரம் கேட்கும் என்று 1877இல் எடிசன் ஒரு கடிதத்தில் எழுதினார். கிரகாம் பெல்லுக்குப் பிடித்ததோ மாலுமிகளின் 'அஹோய்'. தொலைபேசி பெல்லுடையது, அதில் ஒலித்த சொல் எடிசன் பரிந்துரைத்தது.

எதிர்பாராத உறவு இங்கேதான். தந்தி ஊழியர்கள், செய்தி பழுதின்றி வந்ததென்று தெரிவிக்க ஓகே என்று தட்டினர். தொலைபேசியில் ஹலோ, 'கேட்கிறதா?' என்று வினவியது. ஒன்று வினா, மற்றது விடை. இரண்டுமே சேதி சொல்லவில்லை. சேதி செல்லும் கம்பியைச் சோதித்தன.

தமிழில் இரண்டின் நடத்தையும் வேறு. ஓகே நம் இலக்கணத்துக்கு வளைகிறது: ஓகேவா, ஓகேதான், ஓகே பண்ணிட்டாங்க. ஹலோ எந்த விகுதிக்கும் எளிதில் இணங்காமல் தனித்தே நிற்கிறது.

குணம் மாறியதில் மட்டும் இரண்டும் ஒன்று. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் இடையில் நுழைந்தால், 'ஹலோ!' என்ற குரல் வரவேற்பு அன்று, கண்டனம். படம் எப்படி என்று கேட்டு, 'ம்... ஓகே' என்று பதில் வந்தால், எல்லாம் சரி என்று யாரும் டிக்கெட் எடுப்பதில்லை.