சிலோனிலிருந்து வந்தவர்களும் டான்டீ தேயிலையும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். இதிலும் கணக்குதான் வருகிறது.

வண்டலூர்க்காரனான எனக்குக் காடு என்றால் ஜூவும் அதைச் சுற்றியுள்ள காப்புக்காடும்தான். எங்களோடு படிக்கும் கூடலூர் பக்கத்து நண்பன் ஒருவன் ஒருநாள் டீக்கடையில், "எங்க அப்பாயி சிலோன்ல பொறந்தவங்க. அவங்களை மாதிரி ஆளுங்களுக்கு வேலை கொடுக்கத்தான் எங்க ஊர்ல காட்டை வெட்டித் தேயிலை போட்டாங்க" என்றான். எனக்கு இது தெரியவே தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தஞ்சாவூர், திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் இலங்கைக்குக் கொண்டுபோன தோட்டத் தொழிலாளர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேர் இங்கே வந்தால் நான்கு பேருக்கு அங்கே குடியுரிமை என்று ஒரு விகிதம் வேறு! பார்ட்னர்ஷிப் கணக்கில் லாபம் பிரிப்பதற்குத்தான் நாங்கள் இப்படி விகிதம் போடுவோம்.

சம்பந்தப்பட்ட மக்களை உட்கார வைத்துப் பேசி எடுத்த முடிவல்ல இது.

தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். இதில் ஒரு வேதனையான விஷயம்: ஒரு காலத்தில் சிலோனுக்குப் போகும் கூலிகளை நிறுத்தி வைத்து மருத்துவப் பரிசோதனை செய்ததும் இதே மண்டபத்தில்தான். தாத்தா போன வாசல் வழியாகவே பேரன் திரும்பி வந்தான். அரசாங்கம் இவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. இந்த மண்ணைப் பார்த்தே இராதவர் எப்படித் 'திரும்ப' முடியும் என்று யாரும் யோசிக்கவில்லை போல.

மறுவாழ்வு என்ற பெயரில் பலருக்கு வியாபாரக் கடன் கொடுத்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர் பெட்டிக்கடை வைத்து என்ன செய்வார்? பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969-ல் தொடங்கியதுதான் ரெப்கோ வங்கி. போர்டு பார்த்திருப்பீர்கள், பெயருக்குப் பின்னால் இந்தக் கதை இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

தெரிந்த வேலையே கிடைத்தவர்கள் நீலகிரிக்குப் போனார்கள். 1968-ல் வனத்துறையே தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976-ல் அது டான்டீ என்கிற அரசு நிறுவனமானது. சேரம்பாடி, தேவாலா, கோத்தகிரி, வால்பாறை என்று தோட்டங்கள் பரவின. கவனியுங்கள், மரத்தை வெட்டித் தேயிலை நட்டது வனத்துறை. தொழிலாளிக்குக் கிடைத்தது வேலையும் லைன் வீடும். நிலம் இல்லை, பட்டா இல்லை. வேலை இருக்கும்வரைதான் வீடு.

1990-களின் கடைசியில் தேயிலை விலை சரிந்தது. பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று வேலைக்குப் போனார்கள். டான்டீ நஷ்டத்தில் ஓடியது. யானை வழித்தடம், காட்டை மீட்பது என்ற பேச்செல்லாம் வலுத்தது. 2022 அக்டோபரில் 2,152 ஹெக்டேர் தோட்டத்தை வனத்துறையிடமே திருப்பிக் கொடுக்க அரசு உத்தரவு போட்டது. தொழிலாளர்கள் போராடினார்கள்.

நான் காட்டுக்கு எதிரி இல்லை. சோலைக்காடும் புல்வெளியும் இருந்த மலை அது. யானைக்கு வழி வேண்டும், கீழே இருக்கும் நமக்குத் தண்ணீர் வேண்டும். நிலம் திரும்பிப் போவதே சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஜெர்மனி 2038-க்குள் நிலக்கரியை நிறுத்துவதாக 2020-ல் சட்டம் போட்டபோது, சுரங்கப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை தருவதாகவும் சேர்த்தே சொன்னது. இங்கே காட்டை வெட்டியதும் அரசு, ஆட்களைக் குடியேற்றியதும் அரசு. அப்படியானால் காட்டைத் திருப்பித் தரும் செலவு யார் கணக்கில் எழுதப்பட வேண்டும்? உத்தரவு போடும் முன்பே அந்தக் குடும்பங்களுக்குச் சொந்தமாக வீடும் பட்டாவும் கொடுத்திருக்க வேண்டும். இதை தர்மம் என்று சொல்லாதீர்கள், 1964-லிருந்து நிலுவையில் இருக்கும் பாக்கி.

நண்பனின் அப்பாயி, கண்டியில் இந்திய அலுவலகம் கொடுத்த ஃபேமிலி கார்டை இன்னும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறாராம். எதற்கு என்று கேட்டதற்கு, "இன்னொரு தடவை போகச் சொன்னா காட்டணுமில்ல" என்றாராம்.