மகன் படிக்கிறான், வாடகை யார் கட்டுவது?

கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் ஹவுசிங் பெனிஃபிட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செப்டம்பர் பிறந்தால் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் யாராவது ஓர் அம்மா மறித்துக் கேட்பார்: "தம்பி, மூத்தவன் யூனிக்குப் போறான். வீட்டிலதான் இருப்பான். எங்கட வாடகைக் காசில கை வைப்பினமோ?" பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்தப் பதில் உருவான கதைதான் நீளமானது. வளர்ந்த பிள்ளை வீட்டில் இருந்தால் பெற்றோருக்குத் தரும் உதவியில் எவ்வளவு வெட்டலாம் என்று இந்த நாடு பல தலைமுறைகளாகத் தனக்குள் சண்டை பிடித்து வந்திருக்கிறது.

1601இல் வந்த ஏழையர் சட்டம் பெற்றோரைப் பிள்ளையும், பிள்ளையைப் பெற்றோரும் தாங்க வேண்டும் என்றது. அந்தச் சிந்தனை 1931இல் புது உடுப்பு போட்டு வந்தது. பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாதோர் பெருகியபோது, 26 வாரம் காப்புறுதிப் பணம் வாங்கி முடித்தவர்கள் உள்ளூராட்சியின் பொது உதவிக் குழுக்களிடம் போக வேண்டியதாயிற்று. குழு வீட்டுக்கு ஆள் அனுப்பும். வந்தவர் தளபாடங்களை நோட்டமிடுவார், சேமிப்பை விசாரிப்பார், யார் யார் உழைக்கிறார்கள் என்று எழுதிக்கொள்வார். மகள் பஞ்சாலைக்குப் போனால் அவள் கூலி அப்பாவின் உதவியில் கழிந்தது. வால்டர் கிரீன்வுட் 1933இல் எழுதிய 'லவ் ஆன் த டோல்' நாவலில் இந்தச் சோதனையின் கொடுமை சால்ஃபர்ட் தெருக்களில் நடக்கும். பெற்றோரின் உதவி வெட்டுப்படாமல் இருக்க எத்தனையோ பிள்ளைகள் வேறு வீட்டில் அறை எடுத்துப் போனார்கள். குடும்பம் ஒன்றாக இருப்பதற்கே அபராதம் விதித்த சட்டம் அது.

எதிர்ப்பும் சும்மா இருக்கவில்லை. டேர்ஹம், ரொதர்ஹாம் குழுக்கள் இரக்கத்தோடு கணக்குப் பார்த்தன என்பதற்காக 1932இல் அரசு அவற்றின் அதிகாரத்தைப் பறித்து ஆணையாளர்களை வைத்தது. 1935 தொடக்கத்தில் வேலையில்லாதோர் உதவிக்கான புதிய வாரியம் ஒரே அளவு விதிகளைக் கொண்டுவந்தபோது தென் வேல்ஸில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். பெப்ரவரியில் அரசு பின்வாங்கியது. போர்க்காலத்தில், தொழிற்சங்கத் தலைவர் ஏர்னஸ்ட் பெவின் அமைச்சராக இருந்த கூட்டரசில், 1941இன் சட்டம் குடும்பம் முழுவதையும் எடைபோடும் சோதனையை நீக்கியது. அதற்குப் பதில், வீட்டில் உழைக்கும் மற்றவர்கள் இவ்வளவு தருவார்கள் என்று ஒரு நிலையான தொகை குறிக்கப்பட்டது. 1948இன் தேசிய உதவிச் சட்டம் ஏழையர் சட்டத்தையே புதைத்தது. பெற்றோரைத் தாங்கும் சட்டக் கடமை பிள்ளைக்கு அன்றோடு இல்லாமற்போயிற்று.

கடமை போனாலும் கழிவு மட்டும் போகவில்லை. 1972இன் வாடகைத் தள்ளுபடித் திட்டத்திலும், 1982, 83இல் இரண்டு கட்டமாக அமைந்த ஹவுசிங் பெனிஃபிட்டிலும் அது ஒட்டிக்கொண்டே வந்தது. அலுவலகத்தில் நாங்கள் அதை 'நான்-டெப்' என்போம். வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட மகனோ மகளோ மாமாவோ இருந்தால், அவர் வாடகைக்கு ஒரு பங்கு தருகிறார் என்று சட்டம் வைத்துக்கொள்ளும். உண்மையில் அவர் ஒரு பென்னி தருகிறாரா என்று எவரும் கேட்பதில்லை. அவர் வேலையையும் மொத்த வருமானத்தையும் பார்த்து, அட்டவணையில் உள்ள தொகையை வாராவாரம் பெற்றோரின் உதவியிலிருந்து எடுத்துவிடும்.

இந்த அட்டவணைக்கு வெளியே நின்றவர்களில் முழுநேர மாணவர் ஒருவர். படிப்புக் காலத்தில் அவருக்காக ஒரு கழிவும் கிடையாது. பகுதிநேர வேலை செய்தாலும் கிடையாது. கோடை விடுமுறையில் வாரம் 16 மணிநேரமோ அதற்கு மேலோ வேலைக்குப் போனால்தான் கணக்கில் வருவார். பகுதிநேரப் படிப்புக்கு இந்தச் சலுகை இல்லை. இதன் நியாயம் எளிது: படிக்கிறவன் கையில் காசில்லை. 1990இல் மாணவர் கடன் வந்த கையோடு பெரும்பாலான முழுநேர மாணவர்கள் தங்கள் பெயரில் ஹவுசிங் பெனிஃபிட் கேட்கும் உரிமையையும் அரசு எடுத்துவிட்டது. உனக்கு உதவியும் இல்லை, உன்னால் பெற்றோருக்கு நட்டமும் இல்லை என்ற அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. 1993இல் வந்த கவுன்சில் வரியும் மாணவரை எண்ணுவதில்லை. தனியாக ஒரு மாணவ மகளோடு இருக்கும் அம்மாவுக்கு 25 சதவீதத் தள்ளுபடி அப்படியே கிடைக்கும்.

என் மேசைக்கு வந்த துயரங்கள் பெரும்பாலும் படிப்பு முடிந்த பின்னரே தொடங்கின. மகன் ஜூனில் கடைசிப் பரீட்சை எழுதுவான். பட்டமளிப்புப் படம் சுவரில் ஏறும். வேலை கிடைக்கவில்லையே, அதுவரை மாணவன்தானே என்று அம்மா நினைத்திருப்பார். ஆனால் படிப்பின் கடைசி நாளோடு சலுகையும் முடிந்துவிடும். நத்தாருக்குப் பிறகு விடயம் தெரியவர, கூடுதலாகத் தந்த பணத்தைத் திருப்பிக் கட்டும்படி கடிதம் போகும். 2001 முதல் பத்து ஆண்டுகள் கழிவுத் தொகைகள் உறைந்து கிடந்ததால் அப்போது அடி அவ்வளவு பலமாக இல்லை. 2010இல் வாரத்துக்குக் குறைந்தது 7.40 பவுண், கூடியது 47.75 பவுண். 2011 முதல் மூன்று ஏப்ரலில் அவற்றை அரசு உயர்த்தியது. 2013இல் குறைந்தது 13.60, கூடியது 87.75. பட்டம் பெற்று நல்ல வேலையில் சேர்ந்த மகன் வீட்டில் இருப்பதால் பெற்றோரின் வாடகை உதவி முழுவதும் போன வீடுகள் உண்டு. 'பிள்ளையை வெளியே போகச் சொல்லவா?' என்று என்னிடம் கேட்டவர்கள் 1931இன் கேள்வியைத்தான் கேட்டார்கள்.

2013இல் தொடங்கி, வேலை செய்யும் வயதினருக்கு ஹவுசிங் பெனிஃபிட்டின் இடத்தைப் படிப்படியாக யூனிவர்சல் கிரெடிட் பிடித்தது. அது அட்டவணையைத் தூக்கிவிட்டு ஒரே தொகையை வைத்தது: 2025–26இல் மாதத்துக்கு 93.02 பவுண். நன்றாக உழைக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இது இலாபம். ஆனால் மாணவர் என்ற விலக்கு இதில் இல்லை. 21 வயதுக்குக் கீழே என்றால் கழிவில்லை. 21 ஆனால் கழிவு. மாற்றுத்திறனாளி உதவி பெறுவோர், பராமரிப்பாளர், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையை வளர்ப்போர் போன்ற சிலருக்கே விலக்கு. மூன்றாம் ஆண்டில் 21 வயதாகும் மகளும், மருத்துவம் படிக்கும் 23 வயது மகனும் சம்பளக்காரனைப் போலவே வாடகைப் பங்கு தருகிறார்கள் என்று கணினி எடுத்துக்கொள்கிறது. மாணவனிடம் இருப்பதோ திருப்பிக் கட்ட வேண்டிய கடன். பெற்றோர் ஓய்வூதிய வயதை எட்டி, இன்னும் ஹவுசிங் பெனிஃபிட்டில் இருந்தால், படிப்புக் காலச் சலுகை தொடர்கிறது. ஒரே மாடியில் அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு மாணவருக்கு இரண்டு நீதி.

1941இல் நீக்கியதை முழுவதும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இப்போது யாரும் தளபாடத்தை எண்ண வருவதில்லை. ஆனால் காசில்லாதவனிடம் காசு இருப்பதாகக் கணக்கு எழுதுவது எந்த ஆண்டில் செய்தாலும் பிழைதான். முழுநேர மாணவருக்கான விலக்கை யூனிவர்சல் கிரெடிட்டிலும் எழுதிச் சேர்க்க வேண்டும். அதுவரை பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் எந்த உதவியில் இருக்கிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹவுசிங் பெனிஃபிட் என்றால் படிப்பு தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உள்ள பல்கலைக்கழகக் கடிதத்தைக் கவுன்சிலுக்குக் கொடுங்கள். யூனிவர்சல் கிரெடிட் என்றால் பிள்ளையின் 21ஆவது பிறந்தநாளுக்கு முன்பே வரவுசெலவைத் திட்டமிடுங்கள்.