ஒரிஜினலா, ஒட்டு வேலையா? பழைய எச்.எம்.டி. வாட்ச் வாங்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பல வீட்டு பீரோக்களில் இன்றைக்கும் ஒரு எச்.எம்.டி. வாட்ச் ஓடாமல் கிடக்கும். தாத்தாவுக்குக் கல்யாணத்தில் போட்டது, அப்பா முதல் சம்பளத்தில் வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். அதே வாட்ச்கள்தான் இப்போது ஆன்லைனில் 'வின்டேஜ்', 'ரேர் பீஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. அதில் எது அசல், எது ஒட்டு வேலை? வாங்குபவரும் ஏமாறாமல், விற்பவரும் ஏமாறாமல் இருக்க என்ன செய்யணும்? பார்க்கலாம்.

எச்.எம்.டி.க்கு ஏன் இந்த மவுசு?

பெங்களூருவில் 1953-ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கைகோத்து 1961-ல் கைக்கடிகாரத் தயாரிப்பில் இறங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா எனப் பல மாடல்கள் வந்தன. பெரும்பாலானவை தினமும் சாவி கொடுத்து ஓட்டும் ரகம்.

1984-ல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூர் ஆலையில் இருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்கள் வந்ததும் சாவி வாட்ச்சுக்கு மவுசு குறைந்தது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதன் பிறகுதான் பழைய வாட்ச்களைத் தேடுபவர்கள் அதிகமானார்கள்.

ஒரு விஷயம் கவனிக்கணும். தாய் நிறுவனமான எச்.எம்.டி. லிமிடெட் மூடலுக்குப் பிறகும் அதே பிராண்டில் வாட்ச் விற்கிறது. பைலட், ஜனதா பெயரில் புதிய வாட்ச் கிடைத்தால் அது போலி இல்லை. ஆனால் அதை '1970-ல வந்தது' என்று சொல்லி விற்றால் அது மோசடி.

வருஷத்தை வைத்தே பொய்யைப் பிடிக்கலாம்

விற்பவர் சொல்லும் கதையை முதலில் வருஷத்தோடு பொருத்திப் பாருங்கள்.

• '1955 எச்.எம்.டி.' என்றால் நம்பாதீர்கள். அப்போது எச்.எம்.டி. வாட்ச்சே தயாரிக்கவில்லை.
• '1970 டைட்டன்' என்றாலும் அதே கதைதான். நிறுவனமே 1984-ல்தான் வந்தது.
• ஸ்விஸ் வாட்ச் டயலின் அடியில் 'ஸ்விஸ் மேட்' எழுத்துகளோடு 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், ஒளிரும் பூச்சில் டிரிஷியம் இருக்கிறது என்று அர்த்தம். இந்த முறை 1960களில் வந்தது. 'டி' போட்ட டயலை 1940-ல வந்தது என்றால் இடிக்கும்.
• 'பைலட்' என்ற பெயரை வைத்து 'ஏர்ஃபோர்ஸ்ல கொடுத்தது' என்பார்கள். அது கடைகளில் பொதுமக்களுக்கு விற்ற மாடல்.
• அரியலூர், விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் இருக்கும் ஊர். அதனால் 'ரயில்வே வாட்ச்' என்ற பேச்சும் இங்கே எளிதில் எடுபடும். பின்மூடியில் இருக்கும் பொறிப்பை மட்டும் நம்பக் கூடாது. யாரும் எப்போது வேண்டுமானாலும் பொறித்துவிடலாம்.

டயல் பளபளன்னு இருக்கா? உஷார்!

பழைய வாட்ச்சின் மதிப்பில் பெரும்பங்கு டயலுக்குத்தான். வயதான டயலை அழித்துவிட்டு மறுபடி பெயின்ட் அடித்து, எழுத்து அச்சிட்டு விற்பதை 'ரீடயல்' என்பார்கள். எச்.எம்.டி. மட்டுமல்ல, வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா வாட்ச்களிலும் இது சகஜம். கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடியோ போன் கேமராவின் ஜூமோ போதும்.

• எழுத்துகள் தடித்து, கசிந்த மாதிரி இருக்கிறதா?
• நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராகச் சேர்கிறதா, விலகி நிற்கிறதா?
• லோகோ நடுவில் இல்லாமல் சாய்ந்திருக்கிறதா?
• முள்கள் துருப்பிடித்திருக்க, டயல் மட்டும் நேற்று வாங்கியது போல் மின்னுகிறதா?
• அந்த மாடலின் பழைய விளம்பரங்களில் இல்லாத ஆரஞ்சு, பச்சை நிறமா?

இரண்டு மூன்று கேள்விக்குப் பதில் உதைத்தால், விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாறாக, லேசாகப் பழுத்த நிறம், சின்னப் புள்ளிகள் இருந்தால் பயப்படத் தேவையில்லை. அது வயசுக்கு வந்த அடையாளம்.

பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்க

டயல் ஒரு வாட்ச், கேஸ் இன்னொரு வாட்ச், உள்ளே மெஷின் மூன்றாவது வாட்ச் எனக் கலந்து கட்டுவதும் நடக்கிறது. பழக்கமான வாட்ச் ரிப்பேர் கடையில் பின்மூடியைத் திறந்து பாருங்கள். மெஷினில் எச்.எம்.டி. பெயரும் மெஷின் எண்ணும் இருக்கணும். ஜனதா, பைலட் போன்ற சாவி வாட்ச்களில் 0231, 020 ஆகிய எண்களைப் பார்க்கலாம்.

'17 ஜுவல்ஸ்' என்று இருந்தால் உள்ளே ரத்தினக் கற்கள் இருப்பதாக நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். சக்கரங்கள் தேயாமல் சுழல வைக்கும் செயற்கைக் கற்கள் அவை. தனியாக விற்றால் விலை போகாது.

நொடி முள்ளையும் பாருங்கள். சாவி வாட்ச்சில் அது வழுக்கிக்கொண்டு போகும். நொடிக்கு ஒரு முறை குதித்தால் உள்ளே பெரும்பாலும் குவார்ட்ஸ் மெஷின்தான். முழுசா சாவி கொடுத்தால் ஒரு நாளைக்கு மேல் ஓடணும். 24 மணி நேரம் கழித்து போன் நேரத்தோடு ஒப்பிடுங்கள். பழைய வாட்ச் ஒரு நிமிஷம் முன்பின் ஆவது பெரிய குறை இல்லை. பல நிமிஷம் தள்ளினால் சர்வீஸ் செலவைக் கேட்டு, அதை விலையில் கழியுங்கள்.

விலையை எப்படி முடிவு செய்வது?

ஆன்லைனில் போட்டிருக்கும் விலை, விற்பவரின் ஆசை. அதை மார்க்கெட் விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈபே போன்ற தளங்களில் 'விற்றவை' என்று தனியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதே மாடல், அதே டயல் உண்மையில் எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். ஜனதா, பைலட் எல்லாம் ஏராளமாகத் தயாரானவை. பழசு என்பதற்காகவே அவை அபூர்வம் ஆகிவிடாது. ஒரிஜினல் பெட்டி, வாங்கிய ரசீது, வாரன்ட்டி கார்டு இருந்தால் மதிப்பு கூடும்.

ஆன்லைனில் வாங்கும்போது டயல், பக்கவாட்டு, திறந்த பின்மூடி, ஓடும் வீடியோ நான்கையும் கேளுங்கள். 'முதல்ல அட்வான்ஸ் போடுங்க' என்று அவசரப்படுத்தினால் விலகிவிடுங்கள். பணம் போட்டு ஏமாந்தால் உடனே 1930-க்கு அழைக்கலாம். கடை அல்லது ஷாப்பிங் தளத்தின் மீது புகார் என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்.

வீட்டில் இருப்பதை விற்கப் போறீங்களா?

விற்கும் முன் 'புதுசு மாதிரி ஆக்கிடலாம்' என்று பாலிஷ் போடாதீர்கள், டயலை மாற்றாதீர்கள். அதில்தான் மதிப்பு போகிறது. சர்வீஸுக்குக் கொடுத்தால் டயலையும் முள்களையும் மாற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, கழற்றிய பாகங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இருட்டில் ஒளிரும் எதையும் நாம் 'ரேடியம்' என்போம். 1960கள் வரை வந்த பல வெளிநாட்டு வாட்ச்களில் உண்மையிலேயே ரேடியம் இருந்தது. அது கதிரியக்கப் பொருள் என்பதால், அந்தப் பூச்சை நீங்களாகச் சுரண்டவோ துடைக்கவோ கூடாது.

பின்மூடியில் தாத்தா பெயர் பொறித்திருந்தால் அதைத் தேய்த்து எடுக்கவும் வேண்டாம். பீரோவில் இருக்கும் வாட்ச்சுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: யார் வாங்கியது, எப்போது வாங்கியது, யார் கட்டியது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். கல்யாண போட்டோவில் அதே வாட்ச் கையில் இருந்தால் அந்தப் போட்டோவையும் எடுத்து வையுங்கள். விற்றாலும் அது ஆதாரம். விற்காமல் பேரன் கையில் கட்டினாலும் ஆதாரம்.