தயாரிப்பாளர் இல்லாத கார்கள்: வன்னியின் கராஜ் வரலாறு

பிரித்தானியாவில் ‘கிட் கார்’ என்றொரு வகை வாகனம் உண்டு. நிறுவனம் காரை முழுமையாகச் செய்து விற்பதில்லை. அடிச்சட்டம், வெளியுடல், தாங்கு பாகங்கள் ஆகியவற்றைப் பொதியாக அனுப்பிவைக்கும். வாங்கியவர் தமது வீட்டுக் கொட்டிலில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். என்ஜினையும் கியர்பெட்டியையும் பெரும்பாலும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி எடுப்பார்கள். எந்த நிறுவனத்தின் பொதியை வாங்குவது, அது எந்தப் பழைய காரின் என்ஜினுக்குப் பொருந்தும், ஒரு பாகம் குறைந்தால் அனுப்புவார்களா, அந்த நிறுவனம் அடுத்த ஆண்டும் இருக்குமா என்பவை அங்கே வாங்குபவர் கேட்கும் கேள்விகள்.

ஏறத்தாழ இதே கேள்விகளை 1990களில் வன்னி மக்களும் கேட்டார்கள். ஆனால் அவர்களுக்கு அது பொழுதுபோக்கு அன்று. கடிதம் எழுதி விசாரிப்பதற்கு ஒரு நிறுவனமும் அவர்களுக்கு இருக்கவில்லை. நமது போர்க்கால வரலாற்றில் போதிய அளவு எழுதப்படாத அந்தப் பக்கத்தைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் கிட் கார் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். 1957ஆம் ஆண்டு கொலின் சாப்மன் ‘லோட்டஸ் செவன்’ என்ற சிறிய காரை வெளியிட்டார். அக்காலத்தில் பிரித்தானியாவில் முழுமையான காருக்குக் கொள்வனவு வரி உண்டு. பாகங்களாக விற்றால் இல்லை. ஆகவே காரைப் பொதியாக விற்பதே மலிவு. 1973இல் பெறுமதி சேர் வரி நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டில் லோட்டஸ் நிறுவனம் செவன் காரின் உரிமையை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அதாவது, ஒருவன் தன் காரைத் தானே பூட்டும் வழக்கத்தின் பின்னால் நின்றது ஓர் அரசின் வரிச்சட்டம்.

காரைப் பாகங்களாகக் கப்பலேற்றி, வந்திறங்கும் நாட்டில் பூட்டுவது நம் பக்கத்துக்கும் புதிதல்ல. 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், சென்னையில் ஒஸ்ரின் ஏ40 கார்களை அவ்வாறே பூட்டி விற்றது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆகி, லொறிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது. இலங்கையில் 1970களில் உபாலி விஜேவர்தன தமது நிறுவனத்தின் பெயரில் ஃபியட், மஸ்டா கார்களைப் பூட்டி விற்றார். 1983 பெப்ரவரியில் கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அவருடைய விமானம் மலாக்கா நீரிணைக்கு மேலே காணாமற்போனது. உள்நாட்டுக் கார் என்ற பேச்சும் அவரோடு சில காலம் அடங்கிப்போயிற்று.

இங்கும் காரணம் அரசின் கட்டுப்பாடே. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன பொருளாதாரத்தைத் திறந்துவிடும் வரை, ஏற்கனவே நாட்டில் இருந்த கார்களைத்தான் திரும்பத் திரும்பத் திருத்தி ஓட்டவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகியவை அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாடகைக் கார்களாக ஓடியதற்கு இதுவே அடிப்படை. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், தம் கார் கிளிநொச்சிச் செம்மண்ணில் இத்தனை காலம் ஓடும் என்று எண்ணியிருக்க மாட்டார்.

அக்காலத்தில் வன்னியில் கமக்காரர் கைகளிலும் பணம் புழங்கியது. இறக்குமதித் தடையால் 1970களில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. இரணைமடுக் குளத்தின் கீழும் அதற்கப்பாலும் குடியேறியவர்கள் உழவு இயந்திரம் வாங்கினார்கள். வன்னியில் கிட் காருக்கு மிக நெருங்கிய வாகனம் எது என்று கேட்டால், நான் காரைச் சொல்ல மாட்டேன், ‘லான்ட்மாஸ்ரர்’ என்பேன். அது ஒரு பிரித்தானிய உற்பத்தியின் பெயர். நம்மிடையே இருசக்கர உழவு இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே பொதுப்பெயராகிவிட்டது. யப்பானின் கூபோட்டாவையும் நம்மவர் ‘கூபோட்டா லான்ட்மாஸ்ரர்’ என்றுதான் சொல்வார்கள். நிறுவனத்திடம் வாங்குவது என்ஜினும் கியரும் கைபிடியும் கொண்ட ஒரு தலைப்பகுதி மட்டுமே. பின்னால் இழுக்கும் பெட்டியை உள்ளூர்த் தச்சரும் ஒட்டுவேலைக்காரரும் செய்து கொடுப்பார்கள். வயலில் உழவு, அறுவடைக்குப்பின் நெல் மூட்டை, கோயில் திருவிழாவுக்குக் குடும்பம், நள்ளிரவில் நோயாளி என்று எல்லாமே அதில்தான்.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், பற்றறி, வாகன உதிரிப்பாகங்கள் ஆகியவை தடைப் பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டுடன் வந்துகொண்டிருந்தது. எந்தக் கார் நல்லது என்ற கேள்வியின் பொருளே அன்று மாறிவிட்டது. 1977க்குப் பின் வந்த புதிய யப்பானியக் கார்கள் பின்தள்ளப்பட்டன; கொட்டிலின் மூலையில் கிடந்த ஆங்கிலக் கார்கள் முன்னுக்கு வந்தன.

அதற்குத் தெளிவான தொழில்நுட்பக் காரணம் உண்டு. பெற்றோல் என்ஜின் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை அழுத்தி, அதன்பின் தீப்பொறியால் எரிக்கிறது. மண்ணெண்ணெயை அதிகம் அழுத்தினால் அது உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து என்ஜினைத் தட்டும். பழைய ஆங்கில என்ஜின்கள் அழுத்த விகிதம் குறைந்தவை, ஆகவே தாங்கிக்கொண்டன. ஆனால் குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே காபரேற்றருக்குள் சிறு பிளாஸ்ரிக் போத்தலால் சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகையும் கண்ணெரிச்சலும் பயணிகளின் பங்கு. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் கீழே வடிந்து என்ஜின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். அதைக் கவனியாமல் விட்டவர்கள் என்ஜினையே இழந்தார்கள்.

இது வன்னியில் தோன்றிய கண்டுபிடிப்பு அல்ல. 1946 முதல் 1956 வரை கொவென்றியில் ஸ்ரான்டட் மோட்டார் நிறுவனம் செய்த பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளுக்கு மாறுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. அங்கே பொறியியலாளர் வரைபடத்தில் செய்த மாற்றத்தை, இங்கே மெக்கானிக்குகள் வரைபடம் எதுவுமின்றிக் கையளவில் செய்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அதே சமூகம்தான் இது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. தொடர்ந்து பெருந்தொகையானோர் கிளாலிக் கடல்வழியாக வன்னிக்கு வந்தனர். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சியும் இராணுவத்திடம் வீழ்ந்தபின் மல்லாவியும் புதுக்குடியிருப்பும் வன்னியின் நகரங்களாயின. செய்தி சேகரிக்கும் பணியில் அப்பகுதிகளில் நான் ஏறிச் சென்ற வாகனங்களுள் ஒரே காரின் பாகங்களால் ஆனவை மிகக் குறைவு. ஒரு காரின் உடல், இன்னொன்றின் என்ஜின், மூன்றாவதின் பின் அச்சு. கூரை மட்டும் கிடுகுக் கொட்டிலாக இருந்த அந்தக் கராஜ்களில் காட்போட் மட்டையைத் தட்டி வெட்டிக் கேஸ்கற் செய்வதையும், லேத் இருந்த இடங்களில் பழைய உலோகத் துண்டைக் கடைந்து புஷ் செய்வதையும் பார்த்திருக்கிறேன். வாகனத்தின் தயாரிப்பாளர் யார் என்று கேட்டால், அந்தக் கராஜ்காரரைத்தான் சொல்லவேண்டும்.

உண்மையான தயாரிப்பாளர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? ஒஸ்ரினும் மொறிஸும் 1952இல் ஒன்றாகி, 1968இல் பிரிட்டிஷ் லேலண்டுக்குள் கரைந்து, அதன் எச்சமான எம்ஜி ரோவர் 2005இல் வங்குரோத்தாகியது. இதில் வரலாற்றின் ஒரு விநோதத்தையும் குறிப்பிட வேண்டும். பிரித்தானியாவின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களைப் புதுப்பிக்கும் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயர், 1990களின் தொடக்கத்தில் அந்தக் காருக்குரிய புதிய தகட்டுப் பாகங்களை உற்பத்தி செய்யும் கூட்டு முயற்சியைத் தென்னிலங்கையில் தொடங்கினார். நெடுங்காலம் உழைக்கும் காரே சிக்கனமானது என்பது அவருடைய கொள்கை. இவ்வாறு, மொறிஸ் மைனருக்கான புதிய பாகங்கள் இலங்கைத் தீவிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய காலத்தில், அதே தீவின் வடக்கே அதே காருக்கு உதிரிப்பாகம் கொண்டுசெல்வது தடை செய்யப்பட்டிருந்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏ9 வீதி திறந்தது. ஓமந்தையைக் கடந்தால் புலிகளின் சுங்கத்துக்கு வரி கட்டவேண்டியிருந்த போதிலும், புதிய மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் வன்னிக்குள் வந்தன. மண்ணெண்ணெய்க் கார்கள் மெல்ல ஒதுங்கின. 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை மூடப்பட்டபோது பழைய அறிவு மறுபடியும் தேவைப்பட்டது.

2009 சனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனது. அதற்கு முன்பே மக்கள் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் லான்ட்மாஸ்ரர்களிலும் சைக்கிள்களிலும் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன் என்று நகர்ந்து, இறுதியில் முள்ளிவாய்க்கால். கூரைத் தகடு, விதைநெல், முதியவர், காயப்பட்டவர் எல்லாம் அந்தப் பெட்டிகளில் இருந்தார்கள். மே மாதத்தில் உயிர் தப்பியவர்கள் நடந்தே வெளியேறினார்கள். ஆயிரக்கணக்கான வாகனங்கள் அங்கேயே கிடந்து எரிந்தும் துருப்பிடித்தும் போயின. பின்னர் அப்பகுதிக்குச் சென்றவர்கள் அந்தத் துருக் குவியல்களை மறந்திருக்க முடியாது. அவற்றிற் பெரும்பகுதி பழைய இரும்பாகிப் போயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சட்டத்தின் பார்வையில் ஒரு வாகனம் என்பது அடிச்சட்ட இலக்கம், என்ஜின் இலக்கம், பதிவுப் புத்தகம் ஆகியவையே. மூன்று கார்களைச் சேர்த்துச் செய்த ஒரு கார், அந்தப் பதிவேட்டில் எந்தக் கார்? பத்து இடப்பெயர்வில் காகிதம் தொலைந்த குடும்பம் தன் உழவு இயந்திரத்தை எதைக் காட்டித் தனதென்று நிறுவும்? பிரித்தானியாவில் ஒரு கிட் காரைப் பூட்டி முடித்தவர் அதைப் பரிசோதனைக்குக் கொண்டுசென்று, சட்டப்படி ஓர் அடையாளம் பெறுகிறார். வன்னியின் வாகனங்களுக்கு அப்படியொரு வாசல் இருக்கவில்லை. உயிரிழப்புகளின் முன் இது சிறிய விடயம்தான். ஆயினும் உழவு இயந்திரம் ஒரு குடும்பத்தின் வருமானம். அது போனபோது மீள எழும் வழியும் போயிற்று. போர் முடிந்தபின் வடக்கை நிறைத்த லீசிங் வாகனங்களும், அவற்றின் தவணைக் கடன்களும் அந்த வெற்றிடத்தில்தான் வந்து நின்றன.

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை அந்தத் தடை நீடித்தது. 2022இல் எரிபொருள் வரிசைகளில் நாடு முழுவதும் நாட்கணக்கில் காத்துநின்றது. வன்னி 1990களில் கேட்ட கேள்விகளில் ஒரு பகுதியை அப்போது கொழும்பும் கேட்க நேர்ந்தது. இந்த வாகனத்தை நமது ஊரில் யாராவது கழற்றிப் பூட்ட முடியுமா? பாகம் வராவிட்டால் செய்ய முடியுமா? செய்த கம்பனி கைவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விகளுக்குக் கையால் விடை சொன்ன மெக்கானிக்குகள் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். சிலர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், சிலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழ்கிறார்கள். போராளிகளைப் பற்றியும் தளபதிகளைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டோம். எந்தக் காருக்கு எந்த அச்சுப் பொருந்தியது, மண்ணெண்ணெயில் ஓடிய என்ஜினுக்கு எத்தனை நாளுக்கொருமுறை எண்ணெய் மாற்றினார்கள், ஷெல் விழுந்த இரவில் எந்த லான்ட்மாஸ்ரர் எந்த வைத்தியசாலைக்குப் போனது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. உங்கள் குடும்பத்திலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவர் அருகில் அமர்ந்து கேட்டு எழுதி வையுங்கள். வாகனங்களின் படங்கள் இருந்தால் அவற்றின் பின்னால் ஊரையும் ஆண்டையும் குறித்துவையுங்கள்.