கைதட்டலும் பிரஜா உரிமையும்

யானைப் பாகர் ஒருவரின் மகன் உலகப் புகழ் எய்தினான் என்றால், பாட்டி சொல்லும் கதையென்றே பலர் எண்ணுவர். சாபு என்னும் நடிகரின் வாழ்க்கை அத்தகையதே. ஆயின் அஃது உண்மைச் சரித்திரம். அதன் பிற்பகுதியை அறிந்தவர் சிலரே.

1924-ம் ஆண்டு மைசூர் சமஸ்தானத்தின் காராப்பூரில் அவர் பிறந்தார். தந்தையார் மகாராஜாவின் யானைகளைப் பராமரித்த பாகர். தந்தையை இளமையிலேயே இழந்து யானைக் கொட்டாரத்தில் வளர்ந்த அச்சிறுவனை, 1935-ல் படம் பிடிக்க வந்த அமெரிக்க டைரக்டர் பிளாஹர்ட்டியின் குழுவினர் கண்டனர். கிப்ளிங்கின் கதையொன்றைத் தழுவிய 'எலிபெண்ட் பாய்' 1937-ல் வெளிவந்தது. மலைபோன்ற யானையின்மீது அச்சமின்றி அமர்ந்து சென்ற பாலகனை மேல்நாட்டார் கொண்டாடினர்.

ஆனால் அவருக்குக் கொடுத்த வேஷங்கள் எத்தகையவை? 1938-ல் வந்த 'தி டிரம்' படத்தில், எல்லைப்புறத்து வெள்ளைச் சேனைக்குத் துணைநிற்கும் இளவரசன் வேஷம். ஏகாதிபத்தியத்தைப் போற்றும் படமென்று பம்பாயிலும் சென்னையிலும் மக்கள் கிளர்ச்சி செய்தனர். சிறுவன்மீது குற்றம் உண்டோ? கதை எழுதியவர் வேறு, காசு போட்டவர் வேறு. முகம் மட்டுமே அவனுடையது.

நிற்க. 'பாக்தாத் திருடன்' படம் இங்கிலாந்தில் தயாராகி வருகையில், 1939-ல் யுத்தம் மூண்டது. வேலை அமெரிக்காவுக்கு மாற்றப்பட்டது, சாபுவும் சென்றார். 1940-ல் வெளியான அப்படம் மூன்று ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. 1942-ல் 'ஜங்கிள் புக்' படத்திலும் அவரே தலைமை நடிகர். அதன்பின் யூனிவர்ஸல் கம்பெனியின் 'அராபியன் நைட்ஸ்', 'ஒயிட் சாவேஜ்', 'கோப்ரா உமன்' முதலிய வர்ணப் படங்களில், காதலும் வெற்றியும் ஜான் ஹாலுக்கு; கூட ஓடி உதவும் தோழன் வேஷம் சாபுவுக்கு. கதாநாயகராயிருந்தவர் உபநடிகரானார்.

இந்தியர் 'வெள்ளையர்' அல்லராதலின் அமெரிக்கப் பிரஜையாகத் தகுதியற்றவர் என அந்நாட்டு உச்சநீதி மன்றம் 1923-ல் தீர்ப்பளித்திருந்தது. அத்தடையை நீக்கும் சட்டம் வந்தது 1946-ல்தான். எனினும் சேனையில் சேவை செய்வோருக்கு இனபேதம் பாராது வழிதிறந்தது 1942-ம் ஆண்டுப் போர்க்காலச் சட்டம். சாபு 1944-ல் பிரஜையானார். உலகமே கைதட்டியும் கிட்டாத உரிமை, உயிரைப் பணயம் வைத்தபோது கிட்டியது. விமானப் படையின் பி-24 குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராய்ப் பசிபிக் போர்முனையில் பலமுறை பறந்து, உயர்ந்த வீரப் பதக்கமும் பெற்றார்.

யுத்தம் விழுங்கியது அவருடைய இருபதாம் பிராயத்தை. பிள்ளை வேஷக்காரன் ஆண்மகன் வேஷத்துக்கு ஏறவேண்டிய பருவம் அதுவன்றோ? அவர் திரும்பியபோது மாயாஜால வர்ணப் படங்களின் மோகம் தணியத் தொடங்கியிருந்தது. 1947-ல் பிரிட்டனில் தயாரான 'பிளாக் நார்சிஸஸ்' படத்தில் இளம் ஜெனரலாகத் தோன்றினார். பிறகு பெரும்பாலும் சிறு படங்களே. மீண்டும் காடு, மீண்டும் புலி. 1957-ல் வெளிவந்த 'மதர் இந்தியா' என்னும் ஹிந்திப் படத்தில் அவரை நடிக்கவைக்க டைரக்டர் மெஹபூப் கான் விரும்பினார். அமெரிக்கப் பிரஜையாகிவிட்டவருக்கு இந்தியாவில் வேலை செய்ய அனுமதி கிட்டவில்லை. 1963 டிசம்பர் 2-ம் தேதி, 39-ம் வயதில், மாரடைப்பால் கலிபோர்னியாவில் காலமானார்.

பிறந்த நாட்டுக்கு அவர் அந்நியர். புகுந்த நாட்டுக்கோ, பதக்கம் அணிந்த பின்னும், யானைச் சிறுவனே.

கடல் கடந்து வந்து உழைத்து வாழும் சமூகத்தார் இதனைச் சிந்தித்தல் வேண்டும். கைதட்டல் பிறர் விரும்பும்வரை நிற்பது. உரிமை சட்டத்தில் நிற்பது. நம் பிள்ளையின் ஆட்டத்தைக் கண்டு மெச்சுகிறவர், அவன் வளர்ந்தபின் தம் சபையில் ஆசனம் தருவாரா என்று கேட்போமாக. அக்கேள்வியைக் கேட்கத் துணியாத சமூகம், எவ்வளவு புகழ்பெற்றாலும், பிறர் எழுதிய வேஷத்தையே ஆடிக்கொண்டிருக்கும்.