கரகம் எடுத்தவருக்கு நாற்காலி எங்கே?

(‘ஆலயம் யாருக்கு?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். “திருநங்கைகளை நம் கோயில்கள் எப்போது விலக்கி வைத்தன? இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த பேச்சு” என்றார். கைத்தட்டலும் வாங்கினார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் லயத்தில் ஒருவர் இருந்தார். ஆண் பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். அவரோ பெண்ணாகவே வாழ்ந்தார். பிள்ளைகள் நாங்கள் ‘அக்கா’ என்போம். விடியற்காலையில் எல்லாரோடும் பெரட்டில் நிற்பார், பால் மரம் வெட்டுவார். திருவிழா வந்தால் மாரியம்மன் கரகம் அவர் தலையில்தான். வயதான பாட்டிமார்கூட அவர் காலில் மஞ்சள் நீர் ஊற்றிக் கும்பிடுவார்கள்.

விழா முடிந்த மறுநாள்? கோயில் வரி அவரிடமும் வசூலிப்பார்கள். கோயில் கூட்டத்துக்கு அவரை அழைக்க மாட்டார்கள். பந்தியில் அவருக்குக் கடைசி இலை. கரகத்துக்கு இருந்த மரியாதை, கரகம் எடுத்தவருக்கு இல்லை.

வரலாறு முழுவதும் இந்தக் கதைதான். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. களப்பலியாகப் போகும் அரவானைக் கண்ணன் மோகினியாக வந்து மணந்தான் என்பது கதை. ஆயிரக்கணக்கான திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக் கொள்கிறார்கள். மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள். திருச்செங்கோட்டில் ஆண்பாதி பெண்பாதியாக நிற்கும் அர்த்தநாரீசுவரரை வணங்குகிறோம். திருவரங்கத்தில் பகல்பத்தின் கடைசி நாளில் நம்பெருமாளே நாச்சியார் கோலம் பூணுகிறார். நம்மாழ்வார் தம்மைத் தலைவியாக வைத்துப் பாடியதைப் பக்தியின் சிகரம் என்கிறோம்.

ஆக, சடங்கில் இடம் உண்டு, கதையில் இடம் உண்டு, அலங்காரத்திலும் இடம் உண்டு. சபையில் மட்டும் இடம் இல்லை. திருநங்கைக்காவது ஆண்டில் ஒரு நாள் கரகம் இருக்கிறது. ஆணை நேசிக்கும் ஆணுக்கும், பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கும், திருநம்பிக்கும் அதுவும் இல்லை. அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். வாய் திறக்காமல் சாமி கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

மேல்நாட்டுப் பேச்சு என்றார் நண்பர். மேல்நாட்டிலிருந்து வந்தது உண்மையில் தண்டனைச் சட்டம். 1860இல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, கடல் கடந்து நீரிணைக் குடியேற்றங்களுக்கும் மலாய் மாநிலங்களுக்கும் வந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் தன் 377ஏ பிரிவை நீக்கியது. நம் நாட்டில் அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது தண்டிப்பது ஒரு செயலை. ஒருவர் கோயிலுக்கு வருவதையோ, நாம் அவரை வரவேற்பதையோ அது தண்டிக்கவில்லை. சட்டத்தின் பின்னால் நாம் ஒளிந்து கொள்ள முடியாது.

ஆகமம் இடம் தருமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியும் பழையதுதான். 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்து ஈப்போ தமிழர் மாநாட்டில் பேசிய காலத்தில், தோட்டங்களில் சாதிக்கு ஒரு லயம் இருந்தது. 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக் கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். சில பட்டர்கள் பூசை செய்யவே மறுத்தார்கள். மீனாட்சி எங்கும் போய்விடவில்லை. இன்று அந்தத் தடையை நியாயப்படுத்த இந்த மேடையில் ஒருவர்கூட எழ மாட்டார்.

அதே தமிழ்நாட்டில், 2018 அக்டோபரில் தூத்துக்குடி சங்கரராமேசுவரர் கோயிலில் ஓர் இளைஞர் ஒரு திருநங்கையை மணந்தார். பதிவாளர் பதிவு செய்ய மறுத்தார். 2019 ஏப்ரல் 22ஆம் நாள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டம் சொல்லும் ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். கூவாகத்துத் தாலி ஓர் இரவுக்கு. தூத்துக்குடித் தாலி ஒரு வாழ்க்கைக்கு. நாம் கடக்க வேண்டிய தூரம் அதுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனது. லயத்தை உடைத்தார்கள். தாமான் ஓரத்தில் கிடைத்த நிலத்தில் புதுக் கோயில் எழும்பியது. அதற்கும் அக்கா ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தார். கும்பாபிஷேகத்துக்குப் பிந்திய முதல் திருவிழா. செயற்குழுவில் ஒருவர், “இப்போது பெரிய மனிதர்கள் வருகிற கோயில். சேலை கட்டி வந்தால் கரகம் கிடையாது” என்றார். சிலர் கை தூக்கினார்கள். நான் கை தூக்கவில்லை. மறுத்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அந்தக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர்.

அக்கா அதற்குப் பிறகு அந்தக் கோயில் படி ஏறவில்லை. அவர் இறந்த செய்தி காரியம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கோயில் சார்பில் ஒரு மாலைகூடப் போகவில்லை.

இப்போது என்ன செய்யலாம்? தமிழ்நாட்டில் பல பெரிய கோயில்கள் அரசின் அறநிலையத் துறையின் கீழ் இருக்கின்றன. இங்கே பல கோயில்கள் சங்கங்களாகப் பதிவு பெற்றவை. உறுப்பினர் யார், உபயம் யாருக்கு என்பதெல்லாம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாம் கை தூக்கி முடிவு செய்கிற காரியம். திருமணப் பதிவு நம் கையில் இல்லை. உறுப்பினர் பட்டியல் நம் கையில் இருக்கிறது. உபயப் பட்டியலில் அவர்கள் பெயரையும் சேர்க்கலாம். அர்ச்சனைக்கு அவர்கள் சொல்லும் பெயரையே சொல்லலாம். வரிசையில் கேலி செய்பவனை வெளியே நிற்கச் சொல்லலாம். அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் நிர்வாகம் போய் நிற்கலாம். மாதா கோயில்களுக்கும் இதையே சொல்வேன். தமிழ்நாட்டில் பாரதி என்ற திருநங்கை ஒரு சபையின் போதகராகவே பணியாற்றியிருக்கிறார்.

எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம். ஒன்றாக வாழ விரும்பி, பாதுகாப்புக் கேட்டு வந்த இரு இளம்பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக் கொண்டார். பிறகுதான் 2021 ஜூன் 7ஆம் நாள் உத்தரவு எழுதினார். ஒரு நீதிபதிக்கு இல்லாத கௌரவக் குறைச்சல், கோயில் தலைவருக்கு வந்துவிடாது.

அன்று நான் தூக்காமல் விட்ட கையை இன்று தூக்குகிறேன். அக்காவுக்கு இது பயன்படாது. அடுத்த திருவிழாவுக்குக் கரகம் எடுக்கக் காத்திருக்கும் பிள்ளைக்குப் பயன்படட்டும். வரும் பொதுக்கூட்டத்தில் உங்கள் கோயிலில் இந்தப் பேச்சு எழுந்தால், தயவு செய்து சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள்.