புறவழி உடல் சூடேற்றம்

புறவழி உடல் சூடேற்றம் என்பது, விளையாட்டு வீரர் ஒருவர் உடலை வருத்தாமல், வெந்நீர்க் குளியல், நீராவி அறை, சூடேற்றும் ஆடை போன்ற வெளி வெப்ப மூலங்களைக் கொண்டு தசைகளின் வெப்பநிலையை உயர்த்தும் முறையாகும். மெதுவோட்டம் முதலிய அசைவுகளால் உடலைச் சூடாக்கும் 'வார்ம் அப்' முன்பயிற்சியிலிருந்து இது வேறுபட்டது. விரைவோட்டம், தாண்டுதல், மிதிவண்டி விரைவுப் போட்டி போன்ற, சில நொடிகளே நீடிக்கும் தீவிர முயற்சிகளுக்கு இது பயன்படுகிறது. நெடுந்தொலைவு ஓட்டத்திலோ மிகையான உடல் வெப்பம் தடையாக அமைகிறது.

இயங்குமுறை

ஓய்வின்போது கால் தசைகளின் வெப்பநிலை, ஏறத்தாழ 37 பாகை செல்சியசு ஆக உள்ள உடலின் உள்வெப்பநிலையைவிடக் குறைவாக இருக்கும். தசை சூடாகும்போது மயோசின் என்னும் புரதத்தின் நொதிச்செயல் விரைவடைந்து, ஏ.டி.பி. மூலக்கூறுகள் வேகமாகச் சிதைகின்றன. நரம்புகளில் மின்துடிப்பு பரவும் வேகமும் கூடுகிறது. தசையின் உச்ச விசை பெரிதும் மாறுவதில்லை. அது சுருங்கும் வேகமே கூடுகிறது. திறன் என்பது விசை, வேகம் ஆகியவற்றின் பெருக்கற்பலன் ஆதலால் திறனும் உயர்கிறது.

ஆய்வுகள்

உடல் வெப்பநிலைக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு குறித்த ஆய்வை, டென்மார்க்கைச் சேர்ந்த அசுமுசன், பேயே ஆகியோர் 1945 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

1987 இல் வெளியான சார்ஜென்ட்டின் ஆய்வில், பங்கேற்றோரின் கால்கள் வெவ்வேறு வெப்பநிலை கொண்ட நீரில் 45 நிமிடங்கள் அமிழ்த்தப்பட்டன. பின்னர் அவர்கள் 20 நொடிகள் முழு முயற்சியுடன் நிலைமிதிவண்டியை மிதித்தனர். இயல்பு நிலையுடன் ஒப்பிடுகையில், 44 பாகை வெந்நீருக்குப் பின் உச்சத் திறன் ஏறத்தாழ 11% உயர்ந்தது. 12 பாகை குளிர்நீருக்குப் பின் ஏறத்தாழ 21% குறைந்தது. மிதிக்கும் வேகம் கூடக்கூட வெப்பத்தின் விளைவும் பெரிதாயிற்று. நிமிடத்திற்கு 54 சுற்றுகளில், ஒரு பாகைக்கு 2% அளவில் இருந்த மாற்றம், 140 சுற்றுகளில் 10% அளவை எட்டியது. எனினும் சூடேறிய கால்கள் விரைவில் களைப்படைந்தன.

பயன்பாடு

முன்பயிற்சி முடிந்து போட்டி தொடங்கும்வரை காத்திருக்கும் நேரத்தில் தசைகள் மீண்டும் குளிர்ந்துவிடுகின்றன. இவ்விழப்பைத் தடுக்க, 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானிய மிதிவண்டி அணியினர் மின்கலத்தால் சூடேறும் காற்சட்டைகளை அணிந்தனர். இத்தகைய காற்சட்டைகளைப் பற்றி லாஃப்பரோ பல்கலைக்கழகத்தினர் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், உச்சத் திறன் ஏறத்தாழ 9% கூடியது பதிவாயிற்று.

வரம்புகளும் இடர்களும்

தசை சூடாவது நன்மை தரும்; உடலின் உள்வெப்பநிலை மிகுவது தீமை தரும். 2005 இல் டிரசுட்டும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், தசை வெப்பநிலையுடன் உள்வெப்பநிலையும் உயர்ந்திருந்தபோது, அடுத்தடுத்துச் செய்யப்பட்ட 15 நொடி முயற்சிகளில் திறன் குறைந்தது. எனவே ஒரே ஒரு முயற்சிக்கு உதவும் வெப்பம், கால்பந்து போன்று பலமுறை விரைந்தோட வேண்டிய ஆட்டங்களுக்கு உதவும் எனக் கொள்ள முடியாது.

வெப்பத்தைத் தவறாகக் கையாள்வது உயிருக்கே ஆபத்தாகலாம். 1997 இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர், எடையைக் குறைப்பதற்காக, வியர்வை ஆவியாக விடாத ஆடை அணிந்து வெப்பச் சூழலில் கடும்பயிற்சி செய்து இறந்தனர். இதனைத் தொடர்ந்து, எடைக் குறைப்புக்காக இவ்வகை ஆடைகளையும் நீராவி அறைகளையும் பயன்படுத்துவது அந்நாட்டுக் கல்லூரி மல்யுத்தத்தில் தடைசெய்யப்பட்டது. தலைசுற்றல், குமட்டல், மனக்குழப்பம் ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகளாகும். இவை தோன்றினால் சூடேற்றுவதை உடனே நிறுத்தி, உடலைக் குளிர்வித்து, மருத்துவ உதவி பெற வேண்டும்.